காலமான சிவப்பு வாளி

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

என்றும் அன்புள்ள அப்பாவுக்கு,

மரண அறிவித்தல். ஹெவ்லொக் டவுன் கடையொன்றைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தையில் எங்கள் குளியலறையை வதிவிடமாகவும் கொண்ட சிவப்பு வாளி கடந்த வியாழக்கிழமை காலமானது. அன்னார் காலஞ்சென்ற மஞ்சள் கோப்பையின் பாசமிகு துணைவரும், கைப்பிடி கழன்ற தும்புத்தடியின் அன்புச் சகோதரரும் ஆவார். பூதவுடல் பழைய பிளாஸ்டிக் வாங்க வருபவரிடம் கையளிக்கப்பட்டது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நோர்வேயில் மீன் வெட்டுவோர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். உனக்கு வேற வேலையில்லையோ என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நோர்வே மொழிச் சோதனை முடிவு வந்த நாளிலிருந்து நீங்கள் போனை எடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. கடிதத்தை ஓஃப் பண்ண முடியாது. உங்களோடு மீன் தொழிற்சாலையில் நிற்கும் பீற்றர் மாமா லீவு முடிந்து திரும்புகிறார். நேற்றுக் கொட்டாஞ்சேனையில் அவரைப் போய்க் கண்டேன். நாளைக்கு இதை அவரிடம் கொடுப்பேன். நீங்கள் கடைசி வரி வாசிக்கும்வரை அவர் உங்கள் பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்பது என் கட்டளை.

நீங்கள் எப்படிப் பெயிலானீர்கள் என்று அவர்தான் சொன்னார். கோபிக்க வேண்டாம், நான் அரித்துத்தான் எடுத்தேன். எழுத்தெல்லாம் பாஸாம். வாய்மொழியில் கேள்வி கேட்ட மனுசி, உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாவாம். நீங்கள் "மின் கூனெ" என்று தொடங்கிவிட்டு மேசையையே பார்த்துக்கொண்டு இருந்தீர்களாம். நேரம் முடிந்துவிட்டதாம்.

அப்பா, அது நாங்கள் பாடமாக்கிய கேள்வி. மின் கூனெ என்றால் என் மனைவி என்று யூடியூப் பார்த்து உங்களுக்குச் சொல்லித் தந்த வாத்தியாரே நான்தான். அம்மாவிடம் போய், நீங்கள் அப்பாவின் கூனெ என்று சொன்ன அன்று, எனக்கெங்கையடா கூன் என்று அகப்பையோடு துரத்தினார். அவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்பித்த மாணவன் இப்படிக் கவிழ்க்கலாமா?

மொழிச் சோதனை பாஸ் பண்ணினால்தான் குடியுரிமை என்கிற அந்தச் சட்டம் சரியா என்று நானும் அர்ஷாத்தும் கடற்கரைத் தண்டவாளத்தில் இருந்து சண்டை பிடித்தோம். அவன் என் வகுப்புத்தான், கடைக்காரர் மகன், எதையும் நிறுத்துப் பார்ப்பான். ஒருத்தர்ட ஊருக்குப் போய் அந்த ஊர்க்காரனா ஆகுறண்டா அவங்கட பாஷ தெரியத்தானே வேணும் மச்சான் என்றான். ஓமடா, வேணும்தான் என்றேன். ஆனால் மெஷின் சத்தத்துக்குக் காதை மூடிக்கொண்டு நாள் முழுக்க மீன் வெட்டுகிற மனுசனுக்கு, ஏன் இன்னும் காதில் ஏறவில்லை என்று எப்படிக் கேட்கிறது? அதற்கு அர்ஷாத், காத மூட வேணாமெண்டு சொல்லவும் ஏலாதே, செவிடாப் போயிருவாரே என்றான். அவனோடு சண்டை பிடிப்பதில் இதுதான் கரைச்சல்.

சட்டம் எப்படியோ போகட்டும். உங்கள் அகதிப் பயணப் புத்தகத்தைக் காட்டி எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர. குடியுரிமை கிடைத்தால்தான் இந்த வாசலுக்கு வருவீர்கள். எட்டு வயதில் சென்னை லொட்ஜில் இரண்டு கிழமை உங்களைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு நீங்கள் ஒரு போன் அளவு உயரம்தான்.

மொழி விஷயத்தில் நான் உங்களைப் போல இல்லை என்பதைப் பெருமையுடன் அறியத்தருகிறேன். சிங்களத்தில் நான் புலி. இதை அர்ஷாத்திடம் சொன்னபோது, பஸ்ஸில் சத்தமாச் சொல்லிராத என்றான். கரண்ட் பில் வரிசையிலும் கிராம சேவகரிடமும் அம்மாவுக்கு வாய் நான்தான். ஆஸ்பத்திரியிலும் அம்மா தமிழில் நோவார், நான் அதைச் சிங்களத்தில் நோவேன்.

என்ன ஆஸ்பத்திரி என்று கேட்பீர்கள். வாளி தானாகக் காலமாகவில்லை அப்பா. அம்மாவும் அதோடு விழுந்தார்.

கொஞ்ச மாதமாகவே வயிற்று நோ. நீங்கள் சோதனைக்குப் படிக்கிறீர்கள் என்று மூச்சுவிடக் கூடாதென்றார். முதலே எடுத்த ஸ்கானைப் பார்க்க வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள், போனோம். இளம் டொக்டர். வீட்டில் பெரியவர்கள் யாரும் வரவில்லையா தம்பி என்று கேட்டார். நான்தான் பெரியவன் என்றேன். பிறகு எனக்கு விளங்கவேண்டுமென்று மெல்ல, மிக இலகுவான சிங்களத்தில் சொன்னார். அவ்வளவு இலகுவாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை. வயிற்றில் இருப்பது கட்டியாம். ஈரலுக்கும் பரவிவிட்டதாம். இனி வெட்டிப் பயனில்லையாம். வர வேண்டியவர்கள் இருந்தால் வரச் சொல்லட்டாம்.

என்னவாம் என்று அம்மா என்னைக் கேட்டார்.

அல்சராம், உறைப்புச் சாப்பிடக் கூடாதாம் என்று மொழிபெயர்த்தேன்.

அம்மா தலையாட்டினார். டொக்டருக்கு நன்றி சொன்னார், சிங்களத்தில். பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை, அடுத்த சோதனை முடியட்டும் என்றார். அல்சரை யாராவது அப்படி ஒளிப்பார்களா? இத்தனை வருடம் காலி வீதிச் சிங்களக் கடைகளில் மரக்கறி வாங்கியவர். சிங்களம் பேசத்தான் வராதே தவிர, காது நன்றாகக் கேட்கும்.

அன்றிரவு குழம்புக்கு அம்மா மிளகாய்த்தூள் போடவில்லை. நான் சொன்னதை நம்பியதாக எனக்குக் காட்டினார். நல்ல ருசி என்று நானும் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த சோதனை வைகாசியில் என்று பீற்றர் மாமா சொன்னார். எழுதுங்கள். ஆனால் வைகாசி எங்களுக்குத் தூரம் அப்பா. அம்மா இப்போது பிளேன் ஏறவும் ஏலாது. அதனால் போனை எடுங்கள். நீங்கள் பெயிலானதை அம்மா கேட்க மாட்டார். அங்கே குளிரா, சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்பார். ஓம் என்று சொன்னால் போதும். அவருக்கு ஒன்றும் தெரியாத மாதிரிக் கதையுங்கள். நாங்கள் இங்கே அப்படித்தான் இருக்கிறோம்.

இன்னொன்று. மேலே வாத்தியார், புலி என்றெல்லாம் அளந்துவிட்டேன். அதை வெட்டிவிட்டு வாசியுங்கள். வெள்ளியிலிருந்து, டொக்டர் சொன்னதை அம்மாவிடம் ஒரேயொரு வசனமாகச் சொல்லப் பார்க்கிறேன், தமிழில்தான். "அம்மா" என்று தொடங்குகிறேன். அதற்குப் பிறகு நானும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே பெயிலான மகன்,
சாருஜன்