ஆம்ப்பின் சிவப்பு விளக்கு

7 ஜூலை 1996, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்ததும் அப்பாவு நான்கு வீடியோ கேசட்டுகளைக் கையில் திணித்தான். எங்கள் ‘ரெட் சிக்னல்’ குழுவுக்கு இந்த மாதா திருவிழாவோடு இருபது வயது. 84, 87, 90, 93 என்று நான்கு திருவிழா மேடைகளையும் படம் பிடித்தவன் அவன்தான். அவற்றை வெட்டி ஒட்டி ஒரு மணி நேரப் படமாக்கி, செப்டம்பர் எட்டாம் தேதி டி.வி. வைத்துக் காட்டப்போகிறானாம். வெட்டுவதற்கு முன்னால் நான் பார்த்தாக வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன்.

என் பங்கை வெட்டச் சொல்லியிருப்பான் ஜெயபால். அவன் லீட் கிட்டார், குழுவுக்குத் தலைவன், எல்லாப் படத்திலும் நடுவில் நிற்பவன். நான் ரிதம் கிட்டார். ஓரத்தில் நிற்பவனை வெட்டுவது சுலபம்.

என் வீட்டுக்காரி ஹில்டா சிரிக்கிறாள். “ஃபாக்டரியில இரும்ப அளக்குறாப்புல ஊட்டுலயும் எல்லாரையும் அளந்துகினே இருங்க” என்கிறாள். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் என்னைப்போல இன்ஸ்பெக்டராக இருப்பவனுக்குச் சந்தேகப்படத்தான் சம்பளம். அவளுக்கு எங்கே புரியப்போகிறது.

13 ஜூலை, சனி

கோவில்பதாகையில் ஜெயபால் வீட்டு மாடியில் ஒத்திகை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வேர்த்துக் கொட்டியது. வழக்கம்போல எல்லோரும் கீபோர்டைக் கேட்டுச் சுருதி சேர்த்தோம். அது வந்த நாளிலிருந்தே எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. சற்று இறங்கித்தான் பேசுகிறது. அவர்கள் டீ குடிக்க இறங்கியதும் என் கம்பிகளை மட்டும் ஒரு சுற்று ஏற்றி வைத்தேன். ஆறேழு வருஷமாக இப்படித்தான் சமாளிக்கிறேன். சொன்னால் சண்டை வரும். என் கிட்டாரை நான் யாரையும் தொடவிடுவதில்லை.

14 ஜூலை, ஞாயிறு

வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து காலையிலிருந்து பார்த்தேன்.

84. தோள் வரை முடி, பாதி பட்டன் போடாத சட்டைகள், முழுக்க இங்கிலீஷ் ராக் பாட்டு. முன்வரிசைக் கிழவிகள் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். நான் குதிக்கிறேன், கடவுளே, அந்தக் கால்கள் என்னுடையவையா? 87இல் முடி குறைந்துவிட்டது, எல்லோருக்கும் ஜிகினா கோட். 90இல் கீபோர்டு வந்து மேடையில் கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டது. 93இல் ஒரே நிறச் சட்டை, ஆளுக்கொரு தொப்பை, ராக் இரண்டே பாட்டு, மீதி சினிமா.

வெட்டுவதற்கு என்ன இருக்கிறது, எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன் என்று நிம்மதியாக நிறுத்தப் போனவன், நிறுத்தவில்லை. 84இலும் 87இலும் 90இலும் என் காலுக்குப் பின்னால், கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியில், என் ஆம்ப்பின் சிவப்பு விளக்கு எரிகிறது. 93இல் எரியவில்லை.

மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். எரியவில்லை. அப்படியானால் அன்று முழுக்க நான் எதை வாசித்தேன்?

16 ஜூலை

பல்பு போயிருக்கலாம்.

17 ஜூலை

பல்பு போகவில்லை. போன சனிக்கிழமை ஒத்திகையில் எரிந்தது. அந்த பல்பை நான் மாற்றியதே இல்லை.

18 ஜூலை, வியாழன்

ஃபாக்டரியில் வருஷாந்தர மருத்துவப் பரிசோதனை. காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார் டாக்டர். மிஷின் பழசு, பாதி நேரம் சத்தமே வரவில்லை. வலது காது ரொம்ப மந்தம், இடதும் சரியில்லை என்று எழுதிவிட்டார். பதினெட்டு வருஷம் பிரஸ் ஷாப் இரைச்சலில் நின்றவர்களைக் கழித்துக்கட்ட ஒரு காரணம் வேண்டுமில்லையா? கையெழுத்துப் போடாமல் சீட்டோடு வந்தேன்.

21 ஜூலை, ஞாயிறு

93 கேசட்டைத் தொடக்கத்திலிருந்து மறுபடி பார்த்தேன். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன், அப்பாவு கேமராவைச் சரிசெய்யும் நேரம். டிரம்ஸ் பக்கமிருந்து ஒருவன் குனிந்து, என் ஆம்ப்பின் பிளக்கை உருவி, ஒன்றும் நடக்காததுபோல உட்காருகிறான். பால்ராஜ். ஹில்டாவின் தம்பி, என் சொந்த மைத்துனன்.

அவனைக் குழுவில் சேர்த்ததே நான். ஜெயபால் தூண்டிவிடாமல் இவன் செய்யமாட்டான். ஹில்டாவிடம் சொல்லவில்லை. பாவம், தம்பி இப்படி என்று தெரிந்தால் உடைந்துபோவாள்.

27 ஜூலை, சனி

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியின் பழைய மாணவர் விழா. ஆம்ப்பை நானே போட்டேன், விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் நின்றேன். இரண்டாவது பாட்டு முடிந்து திரும்பினால் அணைந்திருந்தது.

மூன்றாவது பாட்டில் வேண்டுமென்றே வேறு பாட்டின் சுரங்களை வாசித்தேன். கேட்கவே கூசும் வாசிப்பு. ஜெயபால் திரும்பவில்லை. பால்ராஜ் திரும்பவில்லை. கூட்டம் கை தட்டியது.

ஆறு வருஷமா? மூன்று வருஷமா? எப்படித் தெரியாமல் போனது எனக்கு? ஜெயபாலின் ஆம்ப் என் ஆம்ப்புக்கு ஒட்டி நிற்கும், டிரம்ஸின் சிம்பல் தட்டு காதுக்குப் பக்கத்தில். அவன் வாசிப்பதைக் கேட்டு நான் வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எவ்ளோ பெரிய முட்டாளாக்கிட்டானுங்க. நின்னுகினு தலைய வேற ஆட்டிகினு இருந்தேனே. தூ.

28 ஜூலை, ஞாயிறு

சாப்பாட்டுக்குப் பிறகு பால்ராஜ் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன், ஜெயபால் சொல்லித்தானே செய்தாய் என்று. திட்டித் தீர்த்தேன். கடைசியில் ஒரே வார்த்தைதான் சொன்னான்.

“அக்காவக் கேளு மாமா.”

வீடு திரும்பினேன். ஹில்டா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தாள். மறைக்கவே இல்லை. 90 திருவிழாவில் என் கிட்டார் மற்ற எல்லோருக்கும் மேலே ஏறிப்போய்த் தனியாகக் கத்தியதாம். கோயில் பாடகர் குழுவில் அவள் பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்களாம். அதற்கப்புறம் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அப்படியேதானாம். என்னிடம் சொல்லி நிறுத்திவிடலாம் என்று ஜெயபால் வந்திருக்கிறான். இவள்தான் அவன் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறாள்: அவர் மேடையில் நிற்கட்டும், ஆம்ப் மட்டும் வேண்டாம் என்று.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்றேன்.

“சொன்னா நம்புவீங்களா? டாக்டரயே நம்பல” என்றாள்.

பரிசோதனை விஷயத்தை நான் அவளிடம் சொல்லவே இல்லை. சீட்டு சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. துவைக்கப் போடும்போது எடுத்திருக்கிறாள்.

யார் யாரையோ சந்தேகப்பட்டேன். இவளைச் சந்தேகப்பட்டதில்லை. என் காதையும் சந்தேகப்பட்டதில்லை.

29 ஜூலை

பேசவில்லை. அவளும் பேசவில்லை.

3 ஆகஸ்ட், சனி

ஒத்திகைக்குப் போகவில்லை.

10 ஆகஸ்ட், சனி

வேறொரு டாக்டரிடம் போனேன், எனக்கும் ஃபாக்டரிக்கும் சம்பந்தமில்லாதவர். புது மிஷின். சத்தம் எப்போது வருகிறது என்று டாக்டர் விரலையே கவனித்தேன். அவர் பொத்தானை அழுத்துகிறார், எனக்கு எதுவும் வரவில்லை. அழுத்துகிறார், வரவில்லை. உச்ச சுரங்கள் எனக்குப் போய்விட்டன, மிச்சமும் இடம் மாறித்தான் கேட்கும் என்றார். அப்படியானால் கீபோர்டு சரி. ஆறு வருஷமாக அது சரியாகத்தான் பேசியிருக்கிறது.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்து ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

15 ஆகஸ்ட், வியாழன்

ஜெயபால் வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான், உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினான். போகும்போது சொன்னான்: “நீ இல்லாம மேட கோணலா கீது மாமே. அவ்ளோதான்.”

பரிதாபமா? இல்லை, ஹில்டா அனுப்பினாளா? இதைக்கூட இப்படித்தான் யோசிக்கிறேன் பாருங்கள். இந்தப் புத்தியை என்ன செய்வது.

25 ஆகஸ்ட், ஞாயிறு

ஹில்டாவிடம் முதலில் பேசியது நான்தான். சாம்பாரில் உப்பு கம்மி என்றேன். “அது நாக்கு” என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

8 செப்டம்பர், ஞாயிறு

மாதா திருவிழா. தேர் போவதற்கு முன், சாயங்காலம் எங்கள் நிகழ்ச்சி. மேடைக்குப் பின்னால் எல்லோரும் கீபோர்டைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டாரை ஜெயபாலிடம் நீட்டினேன்.

“நீயே சேத்துக் குடு.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு கம்பியாகக் கேட்டுக் கேட்டு முறுக்கினான். எனக்கு எல்லாமே தாழ்ந்துதான் கேட்டது. விரல் துடித்தது, ஏற்றடா ஒரு சுற்று என்று. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

மேடையேறியதும் நான் ஆம்ப்பைத் தொடவில்லை. அதற்கு முதுகைக் காட்டி நின்றேன். அவர்கள் இஷ்டம்.

முழுக்க வாசித்தேன். இரண்டாவது ராக் பாட்டில் ஜெயபால் என் பக்கம் நகர்ந்து வந்தான், 84இல் வந்ததுபோல. தொப்பையோடு.

15 செப்டம்பர், ஞாயிறு

அப்பாவு புது கேசட் கொண்டுவந்தான். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன் பால்ராஜ் குனிகிறான். பிளக்கை எடுத்துச் சொருகுகிறான். என் காலுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது, கடைசிப் பாட்டு வரை.

பாட்டு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹில்டாவைக் கேட்டேன், சுருதி சேர்ந்திருக்கிறதா என்று.

“சேந்துதான் கீது” என்றாள்.

நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.