உன் எடைக்கு ஒரு ஸ்பிரிங்

ஸ்டோர்வீக்,
மார்ச், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள குன்வோர்,

இங்கே நானும் நாயும் சுகம். உன் சுகம் எப்படி என்று நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும். போனில் "நல்லாத்தான் இருக்கேன்" என்பதோடு முடித்துவிடுகிறாய். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் நானும் வானிலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உமெயோவில் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்தால் வானிலை உனக்கே தெரியும். அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

முதலில் உனக்குப் பிடித்த செய்தி. எஞ்சின் உன் வண்டியில் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. போன கோடையில் அடுத்த வீட்டுக்காரன் பாறையில் மோதி நொறுக்கிய நீர் ஸ்கூட்டரிலிருந்து நீ அடம்பிடித்து வாங்கி வந்தாயே, அதே எஞ்சின்தான். "சூப்பர்சார்ஜர் இருக்குது, காத்த அடிச்சு அடிச்சு உள்ள திணிக்கும். இத என் பனி ஸ்கூட்டர்ல வெச்சுக் குடு, ஏப்ரல் பந்தயத்துல அல்லானுக்கு என் முதுகு மட்டுந்தான் தெரியும்" என்றாய். அப்போது உனக்கு வெறும் இருமல்தான் இருந்தது.

ஒரு கூத்து நடந்தது, சிரிக்காதே. அந்த எஞ்சின் ஏரியில் ஓடும்போது ஏரித் தண்ணீரையே உறிஞ்சித் தன் புகைக்குழாயைக் குளிர வைத்துக்கொள்ளும். பனியில் அதற்குத் தண்ணீர் எங்கே? இத்தனை காலம் எஞ்சின் மாற்றுகிறவனுக்கு இது தோன்றவே இல்லை. கொட்டகையில் முதல் தடவை ஓட விட்டேன். சூப்பர்சார்ஜர் போட்ட ஊளையில் நாய் விறகுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது. நான் சந்தோஷத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே உனக்காகச் சிவப்பு அடித்த எஞ்சின் மூடி பாலாடை மாதிரி சுருங்கிவிட்டது. அல்லான் வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, குன்வோர் ஏரியையும் முதுகுல கட்டிக்கிட்டா ஓட்டணும்?" என்று கேட்டான். கேட்டதோடு விட்டானா, கடையில் போய் ஊருக்கே சொல்லிவிட்டான். இப்போது தண்ணீர் தேவைப்படாத குழாய் ஒன்றை வளைத்து, வெப்பம் தாங்கும் துணி சுற்றியிருக்கிறேன். புது மூடி போட்டு மறுபடி சிவப்பு அடித்தாயிற்று.

அவனையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. எஞ்சின் தண்டில் பெல்ட் கப்பியை மாட்ட ஒரு இணைப்பு தேவைப்பட்டது. அவனுடைய கடைசல் இயந்திரத்தில்தான் அதைக் கடைந்தோம். "என்னைத் தோக்கடிக்க நானே கடைஞ்சு குடுக்குறேன். என்ன மாதிரி மடையன் இந்த ஊருல உண்டா?" என்று முனகிக்கொண்டே கடைந்தான். ஆனால் மயிரிழை பிசகாமல் கடைந்தான்.

வீட்டைப் பற்றி என்ன எழுத? ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு பிசைந்து, உள்ளே பன்றிக்கறி வைத்துப் பால்ட் செய்தேன். நீ செய்தால் உருண்டையாக மிதக்கும். எனக்குப் பானையில் கரைந்து உருளைக்கிழங்குக் கஞ்சியாகிவிட்டது. பன்றிக்கறித் துண்டுகளை நான் பொறுக்கித் தின்றேன், மீதியை நாய்க்கு ஊற்றினேன். கூரையிலிருந்து பகலில் சொட்டத் தொடங்கிவிட்டது, ஆனால் ஏரிப் பனிக்கட்டி இன்னும் கெட்டியாகவே இருக்கிறது. ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை பந்தயம். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். குன்வோர் வருவாங்களா என்று கேட்டார்கள். வராம எங்க போவா என்று சொன்னேன்.

உன்னை ரொம்பத் தேடுகிறது. காலையில் காப்பிக்கு இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறேன். புறப்பட்டு வருகிறேன் என்றால், "வேலைய முடி, முடிச்சிட்டு வா" என்கிறாய். நீ சொல்லி நான் எதை மீறியிருக்கிறேன்?

உன் தங்கை பார்ப்ரோ வெள்ளிக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறாள். கம்பளிக் காலுறை கொடுத்தனுப்புகிறேன், போட்டுக்கொள். நாளை முதல் ஸ்பிரிங் வேலை.

உன் வண்டிச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கும்,
சிக்ஸ்டன்


ஸ்டோர்வீக்,
திங்கட்கிழமை

அன்புள்ள குன்வோர்,

உன் பதிலுக்குக் காத்திராமல் மறுபடி எழுதுகிறேன். கோபத்தோடு எழுதத் தொடங்கி ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது தாள்.

ஸ்பிரிங் வைப்பது எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுகிறவள் ஏறி உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் இத்தனை விரற்கடை இறங்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் முன்னால் சறுக்குப் பலகை பிடி கிடைக்காமல் அலையும். இந்த எஞ்சினோ முன்பக்கம் யானைக் கனம் கனக்கிறது. எல்லா ஸ்பிரிங்கையும் புதிதாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நீ இல்லையே, அதனால் நேற்று நிலவறையிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கி வந்து இருக்கையில் அடுக்கினேன். உன் எடை எனக்குத் தெரியாதா? சரியாக நிறுத்து அடுக்கி, மேலே உன் ஓட்டும் சட்டையையும் போர்த்தி வைத்தேன். அல்லான் உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றி, "வா குன்வோர், ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துக்கிடுச்சு போல. நல்லா சதை போட்டிருக்கியே" என்றான். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத்தான், உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பார்ப்ரோ பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கொட்டகைக்கு வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "நல்லா இருக்கா அத்தான். நக்கல் மட்டும் கொஞ்சமும் கொறையல" என்றாள். இருக்கையில் என்ன என்று கேட்டாள். குன்வோர்தான், அவள் எடைக்கு ஸ்பிரிங் வைக்கிறோம் என்று அல்லான் சொன்னான்.

பார்ப்ரோ பையைத் தரையில் வைத்தாள். பிறகு உன் சட்டையை விலக்கி, மேலிருந்த மூட்டையைத் தூக்கித் தரையில் வைத்தாள். வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. அடுத்த மூட்டையையும் பிடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள். "காப்பி போடறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அல்லான் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான் தரையில் கிடந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு, உன் சட்டையைக் கையில் வைத்தபடி நின்றேன்.

காப்பி குடிக்கும்போது பார்ப்ரோவை எவ்வளவோ கேட்டேன். "சத்தியம் வாங்கிட்டா அத்தான், என்னைக் கேக்காதீங்க" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவள்மேல் கோபமில்லை. கோபமெல்லாம் உன்மேல்தான். எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்திச் சண்டை போடுகிறவள், தோற்றால் அல்லானின் சறுக்குப் பலகையை எட்டி உதைக்கிறவள், இதை மட்டும் என்னிடம் மறைப்பானேன்? நான் உடைந்துபோவேன் என்று நினைத்தாயா? உடைந்துதான் போனேன். இருந்தும் இன்று காலை எழுந்து கொட்டகைக்குப் போனேன். அந்த இரண்டாவது மூட்டைமேல் கை வைத்தேன். இறக்குவதா, விடுவதா என்று தெரியவில்லை. வண்டி அப்படியே நிற்கிறது.

வியாழக்கிழமை பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். வராதே என்று சொன்னால் இந்த ஒரு தடவை கேட்க மாட்டேன். ஆனால் நான் வந்து கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. போனில் சொல்ல வராவிட்டால் காகிதத்தில் எழுதி, நான் அறைக்குள் நுழையும் முன் நர்ஸிடம் கொடுத்துவை. டாக்டர் சொன்னதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். உன் எடையை மட்டும் எழுது. உண்மையான எடையை.

வெட்கப்படாதே. கடையில் மெல்லிய ஸ்பிரிங் இருக்கிறது. அதுவும் உனக்குக் கெட்டி என்றால் இன்னும் மெல்லிய கம்பி வாங்கி நானே சுற்றுகிறேன். சின்னப் பிள்ளை கனத்துக்குக்கூட என்னால் ஒரு ஸ்பிரிங் சுற்ற முடியும். யாருமே உட்காராத இருக்கைக்கு எதைப் போடுவது என்றுதான் எனக்குத் தெரியாது, குன்வோர்.

வியாழக்கிழமை வரை உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
சிக்ஸ்டன்