தாமஸுக்குத் தைத்த ஷூ

12 ஆகஸ்ட் 2006, சனி

அத்திப்பட்டு தாமஸ் நேற்று மாரடைப்பில் போய்விட்டார். மகள் கல்யாணத்துக்கு என்று அவர் தைக்கச் சொன்ன கறுப்பு ஷூ என்னிடம்தான் இருந்தது. அதைப் போட்டுத்தான் அடக்கம் செய்யவேண்டும் என்றார் அவர் மனைவி ஸ்டெல்லா. காலையில் எடுத்துப்போனேன். பாதம் வீங்கியிருந்ததால் குதிகால் உள்ளே இறங்கவில்லை.

"பின்னாடி அறுத்துடு நைனா, யாரு பாக்கப்போறாங்க?" என்றார் தாமஸின் அண்ணன்.

மூன்று நாள் உட்கார்ந்து நான் கையால் போட்ட தையல். அதில் கத்தியை வைத்தேன்.

"பாத்துண்ணே, அவருக்கு வலிக்கப்போவுது" என்றார் ஸ்டெல்லா.

அதற்குமேல் என்னால் வேகமாக அறுக்க முடியவில்லை. குதிகாலுக்கும் ஷூவுக்கும் நடுவில் என் விரலைக் கொடுத்து, ஒவ்வொரு தையலாக அறுத்தேன். கத்தி என் விரலைத்தான் கீறியது.

"அவருக்கு வலிக்கலம்மா" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.