மேகனின் மாமியார் வந்த வாரம்

அக்டோபர் 9, வியாழன்

காலையிலிருந்து மூடாப்பு. மழை இல்லை, புழுக்கம் மட்டும். மாடிக்குப் புது விரிப்பு, கொசுவலை. மேகனின் மாமியார் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியாயிற்று. மெலிந்த உடம்பு, முழங்கால் வலி.

மேகன் அமெரிக்காக்காரி; புருஷன்தான் இங்கிலாந்துக்காரன், அங்கேயே இருக்கிறான். எங்கள் ஏரிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்து மாடியில் குடியிருப்பவள். இப்போது ஏழு மாதம். பிரசவம் காஞ்சிபுரத்தில்தான் என்கிறாள். மாமியார் தன்னை அழைத்துப்போக வந்திருக்கிறார் என்று பயம்.

"பேஜாரா கீது அக்கா. எங்க ஊர்ல புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவோம். இவங்க எல்லாத்துக்கும் 'நல்லா கீது'ன்றாங்க. மனசுல இன்னா கீதுன்னே தெரில," என்றாள்.

நாங்களாக இருந்தால் முதல் நாளே கத்தித் தீர்த்திருப்போம்.

அக்டோபர் 10, வெள்ளி

மூவரும் பஸ்ஸில் காஞ்சிபுரம். டாக்டரம்மாவைப் பார்த்தோம். மாமியார் கேட்டது ஒன்றுமில்லை.

திரும்பும்போது கூட்டத்தில் ஒருவன் அவர் காலை மிதித்துவிட்டான். மன்னிப்புக் கேட்டது இவர்! "இவங்க ஜனமே இப்டித்தான்கா," என்றாள் மேகன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிடுகிற கை நின்றது.

"இவங்களாடி நம்பள ஆண்டுகினு இருந்தாங்க?"

அக்டோபர் 11, சனி

மதியம் முழுக்க கரண்ட் இல்லை. மோர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். மேகன் நல்ல தூக்கம். பக்கத்தில் மாமியார், மடித்த பேப்பரால் அவளுக்கு விசிறிக்கொண்டு. நெற்றியெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் பேப்பரை மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திருடிப் பிடிபட்ட மாதிரி.

சாயங்காலம் மேகனிடம் சொன்னேன்.

"அவங்களா? சும்மா சொல்லாத அக்கா."



அக்டோபர் 12, ஞாயிறு

ஒருவழியாக மழை. துணி எதுவும் காயவில்லை.

மாமியார் கைப்பிடியைப் பிடித்து, படி படியாக இறங்கி வந்தார். என்னிடம் ஏதோ சொன்னார், குரல் மிகச் சன்னம். கூட வந்த மேகன் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"ஒனக்குத் தொந்தரவா இருக்காதுன்னா... கொயந்த பொறக்கற வரைக்கும் இங்கியே..." பாதியிலேயே நிறுத்தினாள். மாமியார் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கத்தினாள். அவர் தரையைப் பார்த்தபடி மெல்ல ஏதோ சொன்னார்.

"இன்னாவாம்?" என்றேன்.

"கூட்டுகினு போவ வரலியாம்கா. கூட இருக்கத்தான் வந்தாங்களாம். நான் 'இருங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லணும்னு காத்துகினு இருந்தாங்களாம்."

அழுதுகொண்டே மாமியாரைக் கட்டிக்கொண்டாள். அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்று, பிறகு அவள் முதுகில் வைத்தார்.

அந்தக் காலோடு இனி மாடி ஏற வேண்டாம். கீழ் அறையில் நெல் மூட்டை கிடக்கிறது. விடிந்ததும் அறையை அவருக்கு ஒழிக்கணும்.