கனடாவில் நான் பெய்வித்த பனி

மச்சான்,

இந்த மைசூர்ப் பருப்புப் பொதியின் மேல் வலக்கையை வைத்து ஆணையிட்டுச் சொல்கிறேன்: உலகத்தில் ஒருத்தரும் நம்பப் போகாத கதை ஒன்றை உனக்கு எழுதப் போகிறேன். பொதியின் பின்பக்கத்தில், எறும்பும் கண்ணாடி போட்டுத்தான் வாசிக்க வேண்டிய எழுத்தில், விளைந்த நாடு கனடா என்று இருக்கிறது. இங்கே தெற்கு லண்டனில், நான் இருக்கிற மிச்சம் (Mitcham) என்ற ஊரின் கடையில் வாங்கி வந்து, குசினி மேசையில் வைத்து, அரை மணித்தியாலமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனுசி அடுப்படியில் நின்று கேட்கிறாள்.

"என்னப்பா, பருப்போட கதைக்கிறியளோ?"

"ஓம். அதுவும் கதைக்குது."

"அப்ப தன்னை எப்ப கழுவித் தருவியள் எண்டு அது கேக்கேல்லையோ?"

கழுவினேன். தண்ணீர் பட்டதும் மெல்லிய மண் வாசனை ஒன்று எழுந்தது. உன் முதல் விளைச்சலில் ஒரு பை அனுப்பினாயே, அதைப் பிரித்தபோதும் இதே வாசனைதான். கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

குரோய்டனில் அகதி விண்ணப்பம் கொடுக்கிற அந்தப் பெரிய கட்டிடத்து வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் நீ. வரிசை எவ்வளவு நீளம் என்றால், அதன் வால் பிரான்சில் கப்பலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. பிறகு நாலு வருடம் ஒரே அறை, ஒரே குளிர்ச்சட்டை. வெளியே போகிறவன்தான் அதைப் போடுவான். நீ கலியாணம் கட்டி ரொறன்ரோ போனாய். லொறி ஓட்டினாய். தானியம் ஏற்றப் பிரெய்ரிச் சமவெளிக்குப் போனவன், லொறியை விட்டு இறங்கி அந்த மண்ணிலேயே நின்றுவிட்டாய். ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடம் குத்தகைக்கு நிலம் எடுத்து மைசூர்ப் பருப்பு விதைத்தாய். அந்த நிலம் எவ்வளவு தட்டை என்று நான் இங்கே எல்லாருக்கும் வர்ணித்திருக்கிறேன்: நீ வாசலில் தேத்தண்ணி வைத்தால், அடுத்த மாகாணத்துக்காரன் அங்கே நின்றே பார்த்து, அதில் சீனி காணாது என்று சொல்லுவான்.

"மச்சான், இஞ்ச ஸ்பிரிங் எண்டு ஒண்டு இல்லை," என்பாய். "வின்டரும் சமரும் அடிபடுற இடத்துக்குத்தான் அந்தப் பேர்."

முந்தி விதைத்தால் குளிர்ந்த மண்ணுக்குள் விதை அழுகும். பிந்தி விதைத்தால் காய் முற்றுமுன் புரட்டாதியில் உறைபனி வந்து விழும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நாள்தான். அந்த நாளையும் வானம் காலையில் காட்டி, மத்தியானம் ஒளித்துவிடும். கையுறையோடு வயலுக்குப் போய், வெயிலில் சேர்ட்டைக் கழற்றி, பின்னேரம் தலையில் பனியோடு வீட்டுக்கு வருவாய்.

முதல் வருடம் பகிடிக்குத்தான் கேட்டாய். "எல்லாரும் மண்ணுக்க தெர்மோமீற்றர் வைச்சுப் பாக்கிறாங்கள். எனக்கு அது காணாது. நீ ஒரு நல்ல நாள் பாத்துச் சொல்லடா."

குசினிச் சுவரில் கடைக்காரர் சும்மா தந்த தமிழ்க் கலண்டர் தொங்கியது. அதைப் பார்த்து, விம்பிள்டன் பிள்ளையாருக்கே ஆலோசகன் போலக் குரலைத் தடிப்பாக்கி, நாளும் நேரமும் அருளினேன். அந்த வருடம் விளைச்சல் அள்ளிக் கொட்டியது. அதற்குப் பிறகு நான் நாள் சொல்லாமல் நீ விதைப்பு இயந்திரத்தை வயலில் இறக்கியதில்லை. ஐந்து வருடம், மிச்சத்தில் இருந்துகொண்டு நான் கனடாவின் வானத்தை ஆண்டேன். என் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டு மேகங்கள் வரிசையில் நின்றன. அதில் இரண்டொன்றை நான் நிராகரித்தும் இருக்கிறேன்.

ஆறாம் வருடம் சித்திரை பிறந்தவுடனேயே உன் பக்கம் வெயில் எறித்தது. ஒரு வியாழக்கிழமை நீ அழைத்தாய். உனக்கு விடிய ஆறு, எனக்கு மத்தியானம் ஒன்று. குரோய்டன் கார் பார்க் வேலைக்கு, ஷிப்டுக்குப் பிந்திப் போய்க்கொண்டிருந்தேன். சனம் நெரிகிற ட்ராமில், ஒரு கையில் குடை, மறு கையில் நீ.

"மண் காய்ஞ்சிட்டுது மச்சான். கெதியில நாள் சொல்லு."

கலண்டர் குசினியில். பின்னேரம் பார்த்துச் சொல்லுகிறேன் என்று ஒரு வசனம் போதும். ஆனால் மேகங்களை ஆளுகிறவன் கலண்டருக்குக் காத்திருப்பானா?

"சனிக்கிழமை காலமை," என்றேன். "ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையில. தங்கமான நேரம்."

நீ கொஞ்சம் பேசாமல் இருந்தாய். "நிச்சயமோ?"

"ஆரிட்டைக் கேக்கிறாய்?"

"சரி. பெரியவர் இன்னும் பத்து நாள் பொறுக்கச் சொல்லுறார். மண் கீழ குளிராம். நீ சொன்னால் நான் இறக்கிறன்."

மறுநாள் காலை கலண்டரில் தாளைக் கிழிக்கும்போதுதான் அட்டையின் அடியில் இருந்த ராகுகாலப் பட்டியல் கண்ணில் பட்டது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். எங்கடை ஆட்கள் அந்த நேரத்தில் புதுக் காரின் திறப்பைக்கூடக் கையால் வாங்கமாட்டார்கள். உன்னை அழைக்க ஒரு முழு நாள் இருந்தது. அழைத்தால் பார்க்காமல் சொன்னது தெரிந்துவிடும். அழைக்கவில்லை.

நீ விதைத்து ஒரு கிழமையால் பனி கொட்டியது. மூன்று நாள் விடாமல். கரைந்து, வயல் குளமாகி, இயந்திரத்தை இறக்க ஏலாமல் நின்றாய்.

"விதை முழுக்க அழுகிப் போட்டுது மச்சான்," என்றாய். "உன்ர நாளில பிழையில்லை. என்ர அவசரந்தான். பெரியவர் சொன்னவர், நான் கேக்கேல்லை."

கதவைத் திறந்துவைத்துவிட்டு நீ விலகி நின்ற மாதிரி இருந்தது. நான் நுழைந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னது இதுதான்: "பனி இங்கிலீசுக்காரன் மச்சான். அவனுக்கு எங்கடை பஞ்சாங்கம் வாசிக்கத் தெரியாது." நீ சிரித்தாய். அவ்வளவு நட்டத்துக்கு நடுவிலும் எனக்காகச் சிரித்தாய்.

மீண்டும் விதைத்தாய், பிந்தி. காய் பச்சையாக நிற்கும்போதே உறைபனி விழுந்தது. அடுத்த வருடம் நிலத்தைப் பெரியவரிடமே விட்டுவிட்டு லொறிக்குத் திரும்பினாய். "மண் எனக்குச் சரிவராது," என்றாய். அந்த ஒரு சொல்லுக்காவது நான் மறுப்புச் சொல்லியிருக்க வேண்டும்.

ராகு பனி கொட்டினார் என்று நான் சொல்லவரவில்லை. நாள் பார்த்து விதைத்திருந்தாலும் அந்தப் பனி வந்திருக்கும். ஆனால் மண்ணின் குளிரையும் பெரியவரின் சொல்லையும் நீ தள்ளிவைத்தது, நான் பார்த்துச் சொல்கிறேன் என்று நம்பித்தான்.

அன்று ஃபோனில் நீ பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் இன்னும் விளங்கவில்லை. சனிக்கிழமை ராகுகாலம் உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் என் சொல்லுக்காக இறக்கினாயா? ஒவ்வொரு சித்திரையும் கேட்க வாயெடுப்பேன். பகிடிதான் வெளியே வரும். போன தையில் உன் மனுசி அழைத்து, நெஞ்சு வலி என்றும், முடிந்துவிட்டது என்றும் ஒரே மூச்சில் சொன்னா. இனிக் கேட்க ஆளில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், உனக்குச் சொல்லாததை நான் லண்டன் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். பிறந்தநாள் விழாக்களில் மருமக்கள் சுற்றி நின்று, "மாமா, அந்த ஸ்னோ ஸ்டோரி!" என்று கேட்பார்கள். மேகங்களின் வரிசை, அடுத்த மாகாணத்துக்காரனின் தேத்தண்ணி, எல்லாம் வரும். ட்ராமில் நின்று வாய்க்கு வந்த நாளைச் சொன்னேன் என்ற இடத்தில்தான் பெரிய சிரிப்பு. "நோ வே மாமா, நீங்க அப்படிச் செய்திருக்கமாட்டீங்க," என்பாள் சின்னவள். நானும் சிரிப்பேன்.

என் ஃபோனில் மிச்சத்து வானிலைக்குக் கீழே உன் ஊரின் வானிலை இன்னும் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. இங்கே ஆலங்கட்டி மழை ஜன்னலில் அடிக்கிறது. அங்கே இன்று வெயில், நாளை பனி என்று காட்டுகிறது. ஆரோ ஒருத்தன் வயலோரத்தில் நின்று மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். பொறு மச்சான், இன்னும் பத்து நாள் பொறு என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டு பருப்பை அடுப்பில் வைத்தேன்.

மேகங்கள் என்னிடம் விண்ணப்பிக்கவில்லை. வரிசையின் வால் பிரான்சில் இல்லை. உன் தேத்தண்ணியில் சீனி காணாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கலண்டரைப் பாராமல் ட்ராமில் நின்று சொன்னேன் என்ற அந்தச் சின்ன இடம் மட்டும் உண்மை.