பஸ் நிறுத்தப் பலகையில் ருமியானா

செரேஷா தெரு,
மே 12

அன்பு மகள் நெவேனாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம் என்று முதலில் எழுதுவது முறை, அதனால் எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பெண்ணும் அங்கே சிகாகோவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மனதார எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசினால் நீ நாலு வார்த்தை குறுக்கே பேசுகிறாய், அம்மா பேச்சு வந்தால் பாப்பா அழுகிறாள் என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் என்றால் முடிக்கும்வரை என்னைப் பேசவிட்டுத்தான் ஆக வேண்டும். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொல்கிறார், நடந்தால் வலிக்கிறது என்றால் இன்னும் நடக்கச் சொல்கிறார். தக்காளி நாற்று நாற்பது நட்டேன். நட்டு முடித்து மண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் சேதி வந்தது. வாங்கின நாற்றை என்ன செய்வது, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

சேதி இதுதான். சுற்றுச் சாலையை அகலப்படுத்த ஒப்புதல் ஆகிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை தலைநகர் சோஃபியாவில் அமைச்சர் கையெழுத்துப் போட்டதை டிவியில் காட்டினார்கள், பேனாவை மூடிவிட்டு நன்றாகச் சிரித்தார். நாலு வண்டி போகிற ரோடு இனி ஆறு வண்டி போகிற ரோடு. அதற்கு இரண்டு வழி வரைந்து வைத்திருந்தார்களாம். ஒன்று வடக்கே, அந்தப் பாழடைந்த செங்கல் சூளை நிலம், அங்கே நாய்களைத் தவிர யாரும் குடியில்லை. இன்னொன்று தெற்கே, அதாவது நாம். சூளை நிலத்துக்காரன் இரண்டாம் நாளே வக்கீல் வைத்து ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டான். நம் தெருவிலிருந்து ஒரு வரி போகவில்லை. யாருக்கும் ஆட்சேபம் இல்லாத வழி தெற்கு வழி என்று எழுதி, அதற்கே கையெழுத்தும் ஆகிவிட்டது. பதினொரு வீடும் போகிறது, நம்முடையது நாலாவது. எனக்கு அடுக்குமாடியில் ஆறாவது மாடியில் ஒரு வீடு தருவார்களாம். இந்த முழங்காலுக்கு ஆறாவது மாடி. அந்த ரோட்டை முதன்முதலில் போட்டபோது உருளை வண்டி ஓட்டினவன் நான் என்பது உனக்குத் தெரியும். உன் அம்மா அதைச் சாகும்வரை விடவில்லை. லாரி போய் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தால் போதும், உன் ரோடு இருமுது பாரு, போய்க் கஷாயம் வச்சுக் குடு என்பாள். பத்து வருஷம் அந்த ரோட்டோடு சண்டை போட்டாள். தடுப்புச் சுவர் கேட்டு மனு, லாரியை நிறுத்தச் சொல்லி மனு, வீடு வீடாய்க் கையெழுத்து வாங்கி மனு. மாநகராட்சி வாசலில் அவள் தலை தெரிந்தாலே காவலாளி தேநீர் குடிக்கப் போய்விடுவான். முத்திரை குத்திய காகிதம் எங்கே கண்ணில் பட்டாலும் கழுத்தில் தொங்குகிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அடி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் நகர்வாள். அப்படிப்பட்டவள் இருந்த தெருவிலிருந்து ஒரு வரி போகவில்லை என்றால் ஏன் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மார்ச் நாலாம் தேதி அம்மாவுக்கு முதல் வருஷ நினைவு. நீ வரவில்லை. அமெரிக்கக் காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை, வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றாய், சரி. அடக்கத்துக்கும் அதையேதான் சொன்னாய், அதுவும் சரி. நான் ஒருவனாகவே நினைவு நாள் படையலுக்குக் கோதுமை வேகவைத்துச் சர்க்கரை போட்டுக் கிளறினேன், அடி பிடித்தது, அதையேதான் கல்லறையில் எல்லாருக்கும் கொடுத்தேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முந்தின நாள் அச்சகத்தில் அஞ்சலித் தாள் இருபது அடித்து வாங்கி வந்தேன். நீ எடுத்த படத்தைத்தான் போட்டேன், கண்ணாடி கழுத்தில் தொங்க, யாரையோ கேலி செய்யப்போகிற முகத்தோடு நிற்பாளே, அது. நம் கேட்டில், மாதா கோயில் சுவரில், மின்கம்பங்களில் எல்லாம் ஒட்டிவிட்டுக் கடைசியாகப் பஸ் நிறுத்தப் பலகைக்கு வந்தேன். டேப் போட்டால் காற்றுக்குப் பிய்ந்துவிடும் என்று உன் அம்மா மாதிரியே மைதாப் பசை காய்ச்சி எடுத்துப் போயிருந்தேன். அந்தப் பலகையில் கண் மட்டத்தில் நல்ல இடம் ஒன்றுதான் உண்டு. அங்கே ஏதோ ஓர் அரசாங்கக் காகிதம் ஒட்டியிருந்தது. தண்ணீர் நிறுத்துகிறார்கள் என்று நினைத்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்குப் பொய் எழுதமாட்டேன், ஒன்றுமே நினைக்கவில்லை. அளவு சரியாக இருந்தது, அவளை அதன் மேல் ஒட்டி நாலு மூலையையும் உள்ளங்கையால் தேய்த்துவிட்டு வந்துவிட்டேன். அதுதான் ரோட்டு நோட்டீஸ். ஆட்சேபம் உள்ளவர்கள் பதினாலு நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று போட்டிருந்ததாம். நான் மூடும்போது மூன்று நாள்தான் போயிருந்தது. நம் ஊரில் செத்தவர்கள் தாளை யாரும் கிழிக்கமாட்டார்கள், மழையும் வெயிலும்தான் கிழிக்க வேண்டும். நான் காய்ச்சின பசை அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

இதெல்லாம் எனக்குப் போன வியாழக்கிழமை வரைக்கும் தெரியாது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அறையில் கூட்டம் போட்டார்கள். மாநகராட்சியிலிருந்து ஒரு பொறியாளர் பெண் வந்திருந்தாள், உன் வயதுதான் இருக்கும். பக்கத்து வீட்டு ஸ்தொய்மென், நீ சைக்கிள் பழகும்போது எவன் ரோஜாச் செடியில் போய் விழுந்தாயோ அவன், முதல் ஆளாய் எழுந்து நோட்டீஸ் ஒட்டினோம் ஒட்டினோம்ங்கிறீங்களே, எங்கம்மா ஒட்டினீங்க, உங்க ஆபீஸ் கக்கூஸ்லயா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் உன் அப்பன். அந்தப் பெண் கோபப்படவில்லை. சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டி, இது ஒட்டின அன்னிக்கு எடுத்தது என்றாள். பஸ் நிறுத்தப் பலகை, நடுவில் நோட்டீஸ், தேதியோடு. அடுத்த படத்தைப் போட்டு, இது தவணை முடிஞ்ச அன்னிக்கு எடுத்தது என்றாள். சுவர் முழுக்க உன் அம்மா, நெவேனா. ஆள் உயரத்துக்குமேல், கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். அவள் தாளுக்குக் கீழே முத்திரையின் ஓரம் ஒரு விரல் அகலம் எட்டிப் பார்த்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, நான்தான் ஐயா இந்தப் படம் எடுக்க வந்தேன், தாளைக் கிழிக்கக் கை வரல, எங்கப்பா தாளும் அந்த மாசம்தான் தெருவுல ஒட்டியிருந்தோம் என்றாள். அப்புறம் ஸ்தொய்மென் என் பக்கம் திரும்பாமலே, நானும் பார்த்தேண்ணே, ரொட்டி வாங்கப் போறப்ப தினமும் பார்த்தேன், முத்திரை தெரியுதேன்னு ஒரு நாள் நகத்தைக்கூடக் கொடுத்தேன், ருமியானா மூஞ்சியை நான் எப்படிக் கிழிப்பேன் சொல்லு என்றான். அவனோடு நிறுத்தியிருக்கலாம். அவன் பெண்டாட்டி பென்கா, வாய் சும்மா இருக்குமா, பத்து வருஷம் அந்த ரோட்டோட மல்லுக்கு நின்னா, கடைசியில அவளே அதுக்குக் குடை பிடிச்சுட்டா என்றாள். அதை நான் மன்னிக்கப் போவதில்லை. நான் குடை பிடித்தேன் என்று சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். எழுந்து நின்று, ஒட்டினது நான், அவளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார நாற்காலியைத் தேடினேன், கைக்கு அகப்படவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வீட்டில் அம்மாவின் பாதிக்கு உன் பேரும் ஏறியிருக்கிறது அல்லவா, அதைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறாள். வெளிநாட்டுல இருக்கிற வாரிசுக்குப் பலகையில ஒட்டினா செல்லாது ஐயா, கையில கிடைக்கணும், உங்க பொண்ணுக்குத் தவணை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அவங்க ஒருத்தர் ஆட்சேபம் எழுதினாலும் வடக்கு வழியை மறுபடி எடுத்துப் பார்த்துத்தான் ஆகணும் என்றாள். மறுபடி பார்த்தால் மாற்றிவிடுவார்களா என்று கேட்டேன். தெரியாது, ஆனா பார்க்காம இடிக்க முடியாது என்றாள். இது எப்படித் தெருவுக்குத் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது, அடுத்த நாள் காலையில் பென்கா சுடச்சுடப் பாலாடைக்கட்டி அப்பம் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். நம்ம நெவேனா எப்பவுமே கெட்டிக்காரி, அவ விலாசத்தைக் கொஞ்சம் குடுங்கண்ணே என்கிறாள். போன வருஷம் அடக்கத்தன்று இதே வாய்தான் பெத்தவ செத்ததுக்கு வராதவளும் ஒரு பொண்ணா என்று என் காதுபடச் சொன்னது. அப்பத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். நன்றாகத்தான் இருந்தது, அவள் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல முடியாது. விலாசம் யாருக்கும் கொடுக்கவில்லை. ஊரே உன்னை வரவில்லை வரவில்லை என்று தூற்றியது, இன்று நீ வராமல் போனது ஒன்றுதான் இந்தத் தெருவுக்கு மிச்சம் இருக்கிற வழி. எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்தால் நெஞ்சு வலிக்கிறது. எனக்கும் உன் மேல் கோபம் இருந்தது, இருக்கிறது, மறைக்கவில்லை. நீ வந்திருந்தால் தாளை உன் கையில்தான் கொடுத்திருப்பேன், ஒட்டுவதற்குமுன் நீ அடியில் இருப்பதைப் படித்திருப்பாய், உனக்கு அவள் புத்தி. ஆனால் ஒட்டினது நீயில்லை, நான்தான்.

வீடு போனால் போகட்டும் என்று நினைக்கவும் செய்தேன். சுவர் விரிசல், கூரை ஒழுகல், எனக்குப் பின்னால் அதில் யார் இருக்கப் போகிறார்கள். எனக்கு மனசு ஆறாதது ஒன்றுதான். பதினொரு வீட்டுக்காரர்களையும் ஊரின் எட்டு மூலையில் பிரித்துப் போடுகிறார்கள். அடுத்த மார்ச்சில் அம்மாவின் இரண்டாம் வருஷத் தாளை எங்கே ஒட்டுவேன்? கேட் இருக்காது, பஸ் நிறுத்தம் இருக்காது. அந்தத் தாள் ரொட்டி வாங்கப் போகிறவன் நின்று பார்த்து, அட ருமியானா, அதற்குள்ளே ரெண்டு வருஷமா என்று சொல்வதற்காக ஒட்டுவது. ஆறு வரிசையில் பறக்கிறவன் யார் முகத்தைப் பார்க்கப் போகிறான். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் லாரி ஓட்டுகிற ரோட்டுக்கு அடியிலும் யாருடைய தக்காளியாவது இருந்திருக்கும்.

ஆட்சேப மனு ஒன்றை அந்தப் பெண்ணிடம் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். அதில் நோட்டீஸ் எண் எழுத வேண்டும் என்றாள். நேற்று கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். தாளைக் கிழிக்கவில்லை. கீழே தெரிகிற அந்த ஒரு விரல் அகலத்தில்தான் எண் இருந்தது, குனிந்து பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். மனுவில் முதல் கட்டத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன், நீ அதன் மேல் பேனாவால் எழுது. மற்ற கட்டங்களை நிரப்பித் தூதரகத்தில் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதும் போடாததும் உன் இஷ்டம், அப்பனுக்காகப் போடு என்று கேட்கமாட்டேன், பென்காவுக்காகப் போடு என்று நிச்சயம் கேட்கமாட்டேன்.

குட்டிப் பெண்ணுக்கு என் முத்தம். அவளுக்கு நம் பாஷையில் பத்து வரைக்குமாவது எண்ணக் கற்றுக்கொடு. மாப்பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், வண்டியில் தூங்கக் கூடாது என்று சொல். கடவுள் உங்கள் மூன்று பேரையும் கண்ணில் வைத்துக் காக்கட்டும், உன் அம்மாவும் எங்கிருந்தாலும் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒன்றை மறக்காதே. இந்த மாதக் கடைசிக்குள் அரசாங்க முத்திரை போட்ட உறை ஒன்று உன் வாசலுக்கு வரும். கையெழுத்துப் போட்டு வாங்கின நாளிலிருந்து உனக்கும் அதே பதினாலு நாள்தான். நீ அவள் வாரிசு என்பதால் உள்ளே முதல் வரியில் அம்மா பேர்தான் இருக்கும். அதைப் பார்த்ததும் அழுதுகொண்டு மடித்து உள்ளே வைத்துவிடாதே, அடி வரி வரைக்கும் படி. அவள் முகத்தை வைத்து அந்தக் காகிதத்தை ஒருவன் மூடியது போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
லூபென்