சௌடம்மா பாதியில் விட்ட நரிக்கதை

சித்திரை 14, திங்கள். ஜலகண்டாபுரம்.

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வந்த வேலை: இங்கே நெசவுக்காரர்கள் வீட்டுக்குள் பேசும் கன்னடத்தில் ஒரு முழுக் கதை, சொன்னது சொன்னபடி. காலேஜ் திறக்கும்போது அது கையில் இல்லையென்றால் பாஷை ஆராய்ச்சிக்கு முழுக்கு. புரொபசர் என்னைப் பழைய ஏடு பிரதி எடுக்க உட்கார்த்திவிடுவார்.

தறிக்காரர் சென்னப்பன் வீடு. என்ன கேட்டாலும் தமிழில் பதில். "எங்க ஊட்டுப் பேச்சுல என்னங்க இருக்குது? அதை எழுதி யாரு படிக்கறது?"

நானும் அவர்கள் ஜனம்தான் என்று சொல்லவில்லை. சொன்னால், உங்களுக்கே தெரியாதா என்பார்கள். தெரியாது. வீட்டில் அப்பா போட்ட சட்டம்: உள்ளே தமிழ், வெளியே இங்கிலீஷ். அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

சத்திரத்தில் மூட்டைப்பூச்சி. மருந்து வாங்க வேண்டும்.

சித்திரை 15.

அதிர்ஷ்டம். சென்னப்பன் மகள் சௌடம்மா, ராட்டையில் தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே கதை சொல்கிறாள். சம்பந்தம் பேசப் போன நரி. முதலில் கன்னடத்தில், பிறகு எனக்காகத் தமிழில் அர்த்தம். என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை, அதனால் பேச்சு தடையில்லாமல் வருகிறது. "பென்சிலு ஒடியப் போவுது, மெதுவா எழுதுங்க சாமி." கிண்டல் வேறு. நரி ஆற்றைத் தாண்டும் இடத்தில் மாடு கத்தியது, எழுந்து போய்விட்டாள். மீதி நாளைக்கு.

சித்திரை 16.

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். கதைக்கு முன்னால் உறவுப் பெயர்களை எழுதி முடிப்போம் என்று புத்தி போயிற்று. அம்மாவின் அண்ணனை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றேன். "யாரோட அம்மாங்க?" என்றார் சென்னப்பன். என் அம்மா என்றே வையுங்கள், மேச்சேரிப் பொன்னம்மா என்று உளறிவிட்டேன். தீர்ந்தது. குலம் விசாரணை, பாட்டன் பேர் விசாரணை. அம்மா அவருக்குச் சித்தப்பா மகளாம்.

"அப்ப நானு உங்களுக்குத் தாய்மாமன் முறைங்க. மாப்பிள்ளை, மேல உக்காருங்க."

ராட்டை நின்றது. சௌடம்மா உள்ளே போனவள்தான். முறை மாப்பிள்ளை எதிரே பெண் வாய் திறக்க மாட்டாளாம். மற்றவர்களும் என் காதுபட இனித் தமிழ்தான், மாப்பிள்ளைக்கு மரியாதையாம். மீதிக் கதை என்றேன். "நரி செத்துப் போச்சுங்க. அவ்வளவுதான்" என்றார் மாமா. பாயசம் வேறு.

கிளம்பும்போது மாமா: "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? எங்க வகையறாவுலயே கதை சொல்றதுல பொன்னம்மாவை அடிச்சுக்க ஆளில்லீங்க. பொழுது சாஞ்சா பிள்ளைக அவளைச் சுத்தித்தான் கிடக்கும்."

சித்திரை 17. அம்மாபேட்டை, எங்கள் வீடு.

பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ். வழியெல்லாம் நின்று நின்று, சட்டையெல்லாம் புகை.

அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தம் பேசப் போன நரி கதை தெரியுமா என்றேன். கை நின்றுவிட்டது. கூடத்தில் அப்பா பேப்பர் புரட்டும் சத்தம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அங்கே போய் ஊரார் வாயைப் பிடுங்கியிருக்கிறேன். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அம்மா கூடத்தை எட்டிப் பார்த்தாள். அப்பா நாளைக்கு ஈரோடு போகிறார், அதுவரை பொறு என்றாள், எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக. தமிழில் சொல்லவில்லை.